படகு ஆடுகிறது: ஷாஃப்டா, எஞ்சினா, புரொப்பல்லரா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறுவது அந்த 61 நாளில்தான். பலகை மாற்றுவது, பலகை இடுக்கை அடைக்கக் கலப்பத்து அடிப்பது, பெயின்ட், எஞ்சின் வேலை, ஷாஃப்டை (எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் தண்டு) உருவி அதைத் தாங்கும் ரப்பர் புஷ் மாற்றுவது எல்லாம் அப்போதே முடிந்தாக வேண்டும். தடை முடிந்த முதல் வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே வார்த்தையில் தொடங்கும்: "ஆடுதுண்ணே."

எது ஆடுகிறது என்று கேட்டால் பதில் வராது. "அலைன்மென்ட்தான் போயிருக்கும், வந்து தட்டி விடுங்க" என்று மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். போய்ப் பார்த்தால் பல படகுகளில் அலைன்மென்ட், அதாவது எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்பது, ஒழுங்காகத்தான் இருக்கும். புரொப்பல்லர் இலை மடங்கியிருக்கும், ஷாஃப்ட் வளைந்திருக்கும், சில சமயம் எஞ்சினில் ஒரு இன்ஜெக்டர் வேலை செய்யாமல் இருக்கும். அது தெரியாமல் எஞ்சினை நகர்த்த ஆரம்பித்தால் இருந்த ஒரு கோளாறு இரண்டாகிவிடும். அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் அறிகுறியைப் படித்துவிடுங்கள்.

நிற்கும் பிழை, சுற்றும் பிழை

கீழே வரும் எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகின்றன: பிழை நிற்கிறதா, சுற்றுகிறதா?

எஞ்சின் தன் பெட்டில் (அடித்தாங்கலில்) கோணலாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கோணல் எப்போதும் ஒரே திசையில் இருக்கும். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினாலும் அது மாறாது. இது நிற்கும் பிழை. ஷாஃப்ட் வளைந்திருந்தால், அதைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங்கின் முகம் சாய்வாகக் கடையப்பட்டிருந்தால், இலை மடங்கியிருந்தால், அந்தக் குறை ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும். நிற்கும் பிழையை எஞ்சினை நகர்த்திச் சரிசெய்யலாம். சுற்றும் பிழைக்கு எஞ்சினை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பயனில்லை, லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

தேய்மானத்தையும் இப்படியே படிக்கலாம். ரப்பர் புஷ் நிற்கிற பொருள். அதில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் எந்நேரமும் அந்தப் பக்கமே சாய்ந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம், அதாவது அலைன்மென்ட். அடிப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்வது இயல்பு, ஷாஃப்டின் எடை அங்கேதான் விழுகிறது. ஆனால் புஷ்ஷின் ஒரு நுனியில் மேல்பக்கமும் மறு நுனியில் கீழ்ப்பக்கமும் தேய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், ஷாஃப்ட் அதற்குள் சாய்வாகத்தான் ஓடியிருக்கிறது. மாறாக, புஷ் சுற்றிலும் ஒரே அளவாகத் தேய்ந்து, ஷாஃப்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இழைந்திருந்தால், வளைந்த ஷாஃப்ட் தன் முதுகாலேயே புஷ்ஷைத் தேய்த்திருக்கிறது.

கழற்றிய பழைய புஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எக்ஸ்ரேயை வீட்டில் வைத்துவிட்டுப் போவது போன்ற காரியம் அது.

கியர் போடாமலேயே அதிர்கிறது

படகைக் கட்டிப்போட்டு, நியூட்ரலில் எஞ்சினை மெல்ல வேகம் ஏற்றுங்கள். கடலில் எந்த வேகத்தில் ஆடியதோ அதே வேகத்தில் இங்கேயும் ஆடினால் ஷாஃப்டை மறந்துவிடலாம், அது சுற்றவே இல்லை. இன்ஜெக்டர், ஃபவுண்டேஷன் போல்ட், ரப்பர் மவுண்ட் இருந்தால் அதன் நிலை, இவற்றைப் பாருங்கள். டீசலும் ஆயிலும் ஊறிய ரப்பர் மவுண்ட் கருவாடு மாதிரி விறைத்துவிடும், அல்லது பிசுபிசுவென்று அமுங்கிவிடும். ஒரு கால் மட்டும் அமுங்கினாலே அலைன்மென்டும் கூடவே போய்விடும் என்பதால், மவுண்ட் மாற்றிய பிறகு கப்ளிங்கை ஒருமுறை அளக்காமல் விடக் கூடாது.

கியர் போட்டதும் ஆடுகிறது, வேகம் ஏற ஏறக் கூடுகிறது

வருகிற கேஸ்களில் பெரும்பாலானவை இதுதான். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று, கியர் விகிதம் 3-க்கு 1, புரொப்பல்லருக்கு 4 இலை என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் வினாடிக்கு 25 முறை சுற்றுகிறது. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 500, அதாவது வினாடிக்கு 8 சொச்சம். ஹல்லுக்கு (படகின் உடலுக்கு) அடியில் இலை கடப்பது வினாடிக்கு 33 முறை. இந்த மூன்றையும் காலாலேயே பிரித்தறியலாம். வினாடிக்கு 8 என்பது உடம்பைப் பிடித்து உலுக்குகிற ஆட்டம், ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருக்கும். 25-ம் 33-ம் பல்லில் தெரியும் நடுக்கம். இப்போது போனிலேயே அதிர்வு அளக்கும் ஆப் கிடைக்கிறது. தளத்தில் போனை வைத்தால் எண்ணே வந்துவிடும். 8 அல்லது அதன் இரட்டிப்பு என்றால் ஷாஃப்ட், கப்ளிங், புரொப்பல்லர் எடை சமமின்மை. 25 என்றால் எஞ்சின். 33 என்றால் இலைக்கும் ஹல்லுக்கும் உள்ள தகராறு.

அந்த 33 தகராறை இங்கேயே முடித்துவிடுகிறேன். தடைக்காலத்தில் இழுவை போதவில்லை என்று பெரிய புரொப்பல்லர் போட்டவர்களுக்கு இது வரும். அமரத்துப் பக்கத் தளம், அதாவது படகின் பின்பக்கம், தவில் மாதிரி டமடமக்கும். இலை நுனிக்கும் ஹல்லுக்கும் புரொப்பல்லர் விட்டத்தில் 10 சதவீதமாவது இடைவெளி வேண்டும், 15 இருந்தால் நிம்மதி. 900 மி.மீ. புரொப்பல்லர் என்றால் 90 மி.மீ. குறைந்தபட்சம். அது இல்லையென்றால் அலைன்மென்ட் செய்து ஆகப்போவது எதுவுமில்லை.

8 என்று வந்தால் அடுத்தது தண்ணீருக்கு அடியில் பார்வை. எஞ்சினை நிறுத்தி, சாவியை டிரைவரின் கையிலிருந்து வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொண்ட பிறகே ஆளை இறக்குங்கள். கயிறு, வலை சுற்றியிருக்கிறதா, இலையில் மடிப்பு, உடைப்பு உண்டா, ஒரு இலையில் மட்டும் சிப்பி பிடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் ஓடாமல் தண்ணீரிலேயே கிடந்த படகென்றால் சிப்பியைச் சுரண்டியதுமே பாதி ஆட்டம் போய்விடுவதுண்டு. பிறகு புரொப்பல்லரைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். 50 மி.மீ. ஷாஃப்டில் ஆட்டம் 1.5 மி.மீ.க்கு மேல் போனால் நான் புஷ்ஷை மாற்றச் சொல்லிவிடுவேன். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு மறுமுனையில் கப்ளிங்கை நூல் பிடித்தாற்போல் வைத்து என்ன பிரயோஜனம்?

கீழே குறை எதுவும் இல்லையென்றால், இனி கப்ளிங்கைப் பிரிக்கலாம்.

கப்ளிங்கில் கேள்வி கேட்பது

தச்சு வேலையில் ஒரு நூல் பிசகினால் ஆசாரி திட்டுவார். ஒரு நூல் என்பது 3 மி.மீ.க்குச் சற்று மேல். இங்கே நாம் தேடுவது அதில் முப்பதில் ஒரு பங்கு. கப்ளிங் விட்டத்தில் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 0.025 மி.மீ. வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 150 மி.மீ. கப்ளிங்கில் 0.15 மி.மீ. வரை போகலாம். நான் 0.10-ல் நிறுத்துவேன். கண்ணால் பார்த்து "நேராத்தான் இருக்கு" என்று சொல்கிறவரை நம்பாமல் ஃபீலர் கேஜை (இடுக்கில் விட்டு அளக்கும் மெல்லிய தகடுகளை) நம்புங்கள்.

போல்ட்டுகளைக் கழற்றியதும் ஷாஃப்ட் தன் எடையில் தொங்கிவிடும். அந்தத் தொங்கலோடு அளந்தால் அளவு பொய் சொல்லும். எனவே அதை எவ்வளவு எடைக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். கம்பிக்கட்டுக்காரர்களின் சூத்திரமே போதும்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 50 மி.மீ. ஷாஃப்டுக்கு மீட்டருக்கு 15.4 கிலோ. கிளாண்டிலிருந்து (ஷாஃப்டைச் சுற்றிக் கடல் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் அடைப்பு) கப்ளிங் வரை தாங்கல் இல்லாமல் நீளும் பகுதி 1.2 மீட்டர் என்றால் 18.5 கிலோ. அதில் பாதி 9 கிலோ சொச்சம், அதோடு கப்ளிங்கின் முழு எடை 8 கிலோ. ஆக, சுமார் 17 கிலோ இழுவையில் ஷாஃப்ட் நுனியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இதற்குத் தனிக் கருவி தேட வேண்டியதில்லை. மீன் நிறுக்கும் தொங்கு தராசை மேல் உத்திரத்தில் மாட்டி, கயிற்றை முறுக்கி 17 காட்டும்வரை இழுத்துக் கட்டினால் போதும். அந்த நிலையில் அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டுத் தராசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முகம் இரண்டையும் துருவும் பெயின்டும் போகத் துடையுங்கள். ஷாஃப்டை முன்னே தள்ளி, முகங்கள் எங்காவது ஓரிடத்தில் மெல்லத் தொடும்படி வையுங்கள். கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் நான்கு இடங்களிலும் ஃபீலர் விட்டுப் பார்த்துச் சாக்பீஸால் பக்கத்திலேயே எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம். எஞ்சின் ரூம் வெக்கையில் மனக்கணக்கு தப்பும்.

இப்போதுதான் அந்தக் கேள்வி. கியர் பாக்ஸ் பக்கத்துக் கப்ளிங்கை அசைக்காமல், ஷாஃப்டை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி நான்கு இடமும் அளக்கவும். இன்னொரு கால் சுற்று, மறுபடி. மூன்று, நான்கு தடவை.

அகலமான திறப்பு எப்போதும் 6 மணியிலேயே நின்றால், அது நிற்கும் பிழை. எஞ்சினை நகர்த்தத் தயாராகலாம்.

திறப்பு ஷாஃப்டோடு சேர்ந்து 6, 9, 12 என்று ஊர்ந்து வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது அதன் கப்ளிங் முகம் சாய்வு. ஷாஃப்டை நிறுத்திவிட்டுக் கியர் பக்கத்தைத் திருப்பும்போது ஊர்ந்தால் அந்த முகத்தில் குறை. டயல் கேஜ் இருந்தால் ஷாஃப்ட் மேல் முள்ளை வைத்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கப்ளிங்குக்குப் பக்கத்தில் ஆட்டம் குறைவாகவும் நடுவில் அதிகமாகவும் இருந்தால் வளைவு. ஷாஃப்டில் ஆட்டமே இல்லாமல் கப்ளிங் முகத்தில் மட்டும் இருந்தால் கப்ளிங். பட்டறைக்குக் கொடுக்கும்போது ஷாஃப்டையும் கப்ளிங்கையும் பிரித்து அனுப்பாதீர்கள். மாட்டிய நிலையில் லேத்தில் ஏற்றி முகத்தைக் கடையச் சொல்லுங்கள். தனியாகக் கடைந்த கப்ளிங் மாட்டும்போது மறுபடி சாயும்.

இரண்டும் கலந்தும் வரும். அப்படி வந்தால் சுற்றும் பிழையைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். வளைந்த ஷாஃப்டுக்கு எஞ்சினை அலைன் செய்வது ஓடுகிற மாட்டுக்கு லாடம் கட்டுகிற கதை.

திறப்பு ஒரே இடத்தில் நிற்கிறது: எஞ்சினை நகர்த்துவது

எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ, எஞ்சினின் முன்பக்கத்தை, அதாவது அணியத்தைப் பார்த்த பக்கத்தை, அதே பக்கம் நகர்த்து. கீழே திறந்திருந்தால் முன்பக்கத்தை இறக்கு. மேலே திறந்திருந்தால் ஏற்று. இடப்பக்கம் திறந்திருந்தால் இடப்பக்கம் தள்ளு. எஞ்சின் முன்னாலும் ஷாஃப்ட் பின்னாலும் நேராக இருக்கும் வழக்கமான அமைப்புக்கு இது தப்பாது.

எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. திறப்பின் வித்தியாசத்தை முன்காலுக்கும் பின்காலுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, கப்ளிங் விட்டத்தால் வகுக்கவும். 6 மணியில் 0.40 திறப்பு, 12-ல் மூடியிருக்கிறது, கால்களுக்கு நடுவே 900 மி.மீ., கப்ளிங் 150 மி.மீ. என்றால் 0.40 பெருக்கல் 900 வகுத்தல் 150. விடை 2.4 மி.மீ. முன்கால்களின் அடியிலிருந்து அவ்வளவு கனத்துக்கு ஷிம் (உயரம் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) எடுக்க வேண்டும்.

இங்கே பலரும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. முன்பக்கம் இறங்கும்போது எஞ்சின் பின்காலை அச்சாக வைத்து ஏற்றப் பலகை போல ஆடுகிறது. பின்காலுக்குப் பின்னால் இருக்கும் கப்ளிங் மேலே எழும்பும். கப்ளிங் பின்காலிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருந்தால் எழும்புவது 0.40 பெருக்கல் 300 வகுத்தல் 150, அதாவது 0.8 மி.மீ. கோணம் சரியாகிவிடும், ஆனால் இரண்டு மையமும் 0.8 மி.மீ. பிரிந்து நிற்கும். முன்பு மையம் ஒன்றாக இருந்திருந்தால் நான்கு கால்களையும் இன்னும் 0.8 இறக்க வேண்டும். ஆக முன்கால் 3.2, பின்கால் 0.8. இதை எழுதிப் பார்க்காமல் ஜாக்கியைப் போட்டால் சாயங்காலம்வரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான்.

ஷிம் எடுப்பதற்கு முன் நான்கு காலும் பெட்டில் ஒழுங்காக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்தி, அந்தக் காலுக்கு அடியில் ஃபீலர் விடுங்கள். ஃபீலர் நுழைந்தால் அந்தக் கால் தொங்கிக்கொண்டிருந்தது, போல்ட்தான் அதை இழுத்துப் பிடித்திருந்தது. நொண்டி நாற்காலி மாதிரிதான், ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் எஞ்சின் ஒவ்வொரு விதமாகத் திருகிக்கொள்ளும். அதற்கு ஷிம் கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

வரிசை இது: முதலில் மையம் தோராயமாக, பிறகு மேல்-கீழ்க் கோணம், பிறகு இட-வலக் கோணம், மறுபடி மையம். மையம் சரியென்றால் கப்ளிங்கின் நடு முனை எதிர்ப்பக்கக் குழியில் கையால் தள்ளினாலே உட்காரும். சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் வேலை இருக்கிறது. துளை சரியாக வரவில்லை என்று கடப்பாரையால் ஷாஃப்டை நெம்பி போல்ட்டை நுழைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நுழைந்துவிடும், உண்மைதான். அப்புறம் அந்த நெம்பிய விசை முழுக்கக் கியர் பாக்ஸ் பேரிங்கின் தலையில் ராப்பகலாக உட்கார்ந்திருக்கும்.

ஃபவுண்டேஷன் போல்ட்டுகளைக் குறுக்கு வாட்டில் முறுக்கிய பிறகு மறுபடி அளக்கவும். முறுக்கும்போது அளவு நகரும், மரப் பெட்டில் கட்டாயம் நகரும். கப்ளிங் போல்ட் கடைசியில்தான்.

கரையில் சரியாக இருந்தது, தண்ணீரில் ஆடுகிறது

இது என் சொந்தக் கதை. தொழிலுக்கு வந்த புதிது. தடைக்காலத்தில் கரையேற்றிய ஒரு மரப்படகு. கட்டைகள் மேல் அசையாமல் நிற்கிறது, வெளிச்சம் இருக்கிறது, வேலை செய்ய வசதி. இரண்டு நாள் உட்கார்ந்து நான்கு இடத்திலும் 0.05-க்குள் கொண்டுவந்தேன். முதலாளி பார்க்கட்டும் என்று ஃபீலரை விட்டும் காட்டினேன். படகு இறங்கி, ஐஸ் ஏற்றி, முதல் தங்கலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் பயணத்துக்கு, போனது. ஒரே நாளில் திரும்பி வந்தது, கிளாண்ட் கொதிக்கக் கொதிக்க.

கப்ளிங்கைப் பிரித்து அளந்தேன். 6 மணியில் 0.55. கரையில் படகின் எடை ஏராவுக்கு (படகின் அடிமரத்துக்கு) அடியில் கொடுத்த நாலைந்து கட்டைகளில் விழுகிறது. தண்ணீரில் எடை முழு உடம்பிலும் பரவுகிறது. அதுவும் இரண்டு மாதம் வெயிலில் காய்ந்த மரம், தண்ணீர் குடித்து ஊதி, தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப நாளாகும். அது போதாதென்று 2000 லிட்டர் டீசல் ஏறினால் அதுவே 1,700 கிலோ அளவு, ஐஸ் தனி. உடம்பு வளையத்தானே செய்யும்? எஃகுப் படகும் ஃபைபர் படகும்கூட வளையும், அளவு குறைவு, அவ்வளவுதான்.

"தம்பி, கரையில வச்சுப் பாத்தியா?" என்று பக்கத்துப் படகு மேஸ்திரி கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

கரையில் செய்வது தோராயம் மட்டும். படகு இறங்கி இரண்டு நாள் மிதந்த பிறகு, டீசல் டேங்க் பாதிக்கு மேல் நிரம்பிய நிலையில், கடைசி அளவை எடுங்கள். மரப்படகென்றால் முதல் தங்கல் முடிந்து வந்ததும் இன்னொரு தடவை. முதலாளிக்கு இந்த இரண்டு நாள் கசக்கும். தடை முடிந்த அன்று இரவே எல்லாரும் கடலில் இருக்க வேண்டும் என்று துடிப்பார்கள். அதற்கு ஒரே வழி, ஜூன் 10-க்குள் படகை இறக்கிவிடுவது.

கிளாண்ட் சுடுகிறது, அல்லது எவ்வளவு முறுக்கியும் ஒழுகுகிறது

ஷாஃப்ட் ஓடும்போது கிளாண்டில் அடைத்த கயிறு நிமிடத்துக்குச் சில சொட்டு விட வேண்டும், அந்தச் சொட்டுதான் அதைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் வராமல் முறுக்கி வைத்திருந்தால் சுடத்தான் செய்யும், ஷாஃப்டிலும் பள்ளம் விழும். முதலில் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். கை வைக்க முடிகிற சூடு என்றால் சரி.

தளர்த்தினால் ஊற்றுகிறது, முறுக்கினால் சுடுகிறது, நடுநிலையே கிடைக்கவில்லை என்றால் ஷாஃப்ட் கிளாண்டின் நடுவில் ஓடவில்லை. எஞ்சினை நிறுத்தி, கிளாண்ட் மூடியைப் பின்னுக்கு இழுத்து, ஷாஃப்டைச் சுற்றி இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் விலகி, அதே நிலையில் நின்றால் நிற்கும் பிழை. இப்போது எஞ்சின் கப்ளிங்குக்கு நேராக இருக்கலாம், ஆனால் எஞ்சினும் ஷாஃப்டும் சேர்ந்தே ஸ்டெர்ன் டியூப்புக்கு (ஷாஃப்ட் வெளியே போகும் குழாய்க்கு) கோணலாக இருக்கின்றன. எஞ்சின் மாற்றிய படகுகளில் இது வரும். புது எஞ்சினுக்குப் பெட் உயரம் ஒத்துவராதபோது யாரோ ஷாஃப்டை எஞ்சினுக்கு இழுத்திருப்பார்கள். ஷாஃப்டை முதலில் ஸ்டெர்ன் டியூப்பின் நடுவில் ஆப்பு கொடுத்து நிறுத்திவிட்டு, எஞ்சினை ஷாஃப்டிடம் கொண்டுவாருங்கள்.

கயிறு மாற்றும்போது நீளமாக ஒரே சுருளாகச் சுற்றக் கூடாது. ஒவ்வொரு வளையமாக வெட்டி, வெட்டு முனை சாய்வாக, அடுத்தடுத்த இணைப்புகள் ஒரே இடத்தில் வராதபடி தள்ளித் தள்ளி.

கப்ளிங் போல்ட் தளர்கிறது, அறுகிறது

போல்ட் தலையைச் சுற்றியும் முகங்களின் விளிம்பிலும் செங்காவி நிறத்தில் மாவு மாதிரி ஒரு தூள் படிந்திருந்தால், முகங்கள் ஒன்றோடொன்று நுணுக்கமாக உரசிக்கொண்டிருக்கின்றன. சாதாரணத் துருவைப் போல அது ஒட்டியிருக்காது, விரலால் துடைத்தால் வந்துவிடும். புது போல்ட் போடுவது தீர்வல்ல. அளந்து பாருங்கள். கூடவே துளைகள் நீள்வட்டமாகிவிட்டனவா என்றும் பாருங்கள், ஆகியிருந்தால் பெரிய துளை போட்டு அதற்கேற்ற போல்ட்.

ஃப்ளெக்சிபிள் கப்ளிங் போட்டுவிட்டால் அலைன்மென்டே வேண்டாம் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். ரப்பர் கொஞ்ச நாள் பிழையை விழுங்கும், பிறகு கிழியும். அதைப் போடுவதற்கு முன்பும் நேராக வைத்தே ஆக வேண்டும்.

கியர் பாக்ஸின் பின் ஆயில் சீல் அடிக்கடி போகிறதென்றாலும் கதை இதுதான்.

வலை இழுக்கும்போது மட்டும் ஆடுகிறது

வெறும் ஓட்டத்தில் சுத்தம், மடி இறக்கியதும் ஆட்டம் என்றால் தள்ளுவிசையில் ஏதோ நகர்கிறது. படகைத் தடித்த கயிற்றில் கட்டி, முன் கியரில் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றி, எஞ்சின் காலுக்கும் பெட்டுக்கும் குறுக்கே போட்ட சாக்பீஸ் கோடு உடைகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்தால் போல்ட் துளை தளர்ந்திருக்கிறது, அல்லது பெட் மரமே உளுத்திருக்கிறது. லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, ஓடும் ஷாஃப்டுக்கு மேல் குனியாதீர்கள். கப்ளிங் போல்ட் தலை துணியைப் பிடித்தால் விடாது.

நேற்றுவரை ஒன்றுமில்லை, திடீரென்று ஆடுகிறது

அலைன்மென்ட் ஒரு நாளில் கெடாது, மெல்லத்தான் கெடும். திடீர் ஆட்டத்துக்குத் திடீர்க் காரணம்தான் இருக்கும்: கயிறு சுற்றியது, மிதந்த கட்டையில் இலை அடித்தது, கப்ளிங் போல்ட் விழுந்தது, முகத்துவாரத்து மணலில் ஏரா தட்டியது. உடனே வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். வலை சுற்றியதை ரிவர்ஸ் போட்டு அறுக்கப் பார்த்துத்தான் பல ஷாஃப்டுகள் வளைகின்றன.

புரொப்பல்லர் மாற்றிய மறுநாளே ஆட்டம் என்றால் சாவிக்கட்டையை (புரொப்பல்லரை ஷாஃப்டோடு பூட்டும் கட்டை) சந்தேகப்படுங்கள். சாவி உயரமாக இருந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் முனையின் கூம்பில் முழுசாக உட்காராமல், ஒரு பக்கம் தூக்கி நிற்கும். சாவி இல்லாமல் புரொப்பல்லரைக் கூம்பில் ஏற்றி, எங்கே நிற்கிறது என்று கோடு போடுங்கள். சாவியோடு ஏற்றும்போதும் அதே கோட்டுக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் சாவியின் மேல்முகத்தை அரம் போட்டுத் தேயுங்கள்.

ஆட்டத்தோடு ஓட விட்ட ஷாஃப்ட் கடைசியில் கப்ளிங் பக்கத்திலோ புரொப்பல்லர் கூம்பின் சாவிக்குழியிலோ களைத்து உடையும். கப்ளிங் பக்கம் உடைந்து, அந்த நேரம் ரிவர்ஸில் இருந்தால், ஷாஃப்ட் பின்னால் உருவிக்கொண்டு போகும், டியூப் வழியாகக் கடல் உள்ளே வரும். கிளாண்டுக்கு முன்னால் ஷாஃப்ட் மேல் ஒரு கிளாம்ப் வளையம் முறுக்கி வைத்தால் அது முழுசாக வெளியேறாமல் தடுக்கும். டியூப் அளவுக்குச் செதுக்கிய மர ஆப்பு ஒன்றை கிளாண்டுக்குப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

வேலை முடிந்து கிளம்பும்போது எஞ்சின் ரூம் பலகையில் பெயின்டால் எழுதிவிட்டு வருவது என் வழக்கம்: தேதி, டேங்க்கில் எவ்வளவு டீசல், 12, 3, 6, 9-ல் என்ன அளவு, எந்தக் காலுக்கு எத்தனை ஷிம். அடுத்த வருஷம் யார் வந்து பிரித்தாலும் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அந்தப் பலகையே காட்டிவிடும். ஒரு படகில் மட்டும் புதுசாகப் பெயின்ட் அடிக்கிறேன் என்று முதலாளி அதையும் சேர்த்து அழித்துவிட்டார்.